மூன்றாவது வீடு

மேனேஜரை இரண்டாவது முறை திருப்பிக் கொண்டுவந்தவர்கள், கூடவே ஒரு கதவுப் பலகையையும் கொண்டுவந்தார்கள். படுக்கையறைக் கதவின் கீழ்ப்பாதி. நடுவில் ஒரு பூசணிக்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை, விளிம்பெல்லாம் பல்தடம். "சும்மா சொன்னா நம்பமாட்டீங்கன்னுதான் எடுத்துட்டு வந்தோம்," என்றார் வங்கியில் வேலை பார்க்கும் அந்த மனிதர். அவருக்குக் கோபம் இல்லை, வெட்கமாக இருந்தது. அவர் மனைவி காரை விட்டு இறங்கவே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மேனேஜர் மட்டும் நிதானமாக இறங்கி, ஒவ்வொரு கூண்டின் முன்பும் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தன் பழைய கூண்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வந்த நாளிலிருந்தே அவனுக்கு அந்த நடைதான். அதனால்தான் அந்தப் பெயர்.

பழுப்பு நிற நாய், கனத்த உடம்பு, பாதி காது இல்லை. முதலில் வளர்த்த குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது அவனை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தது. அக்கம்பக்கத்தார் தகவல் சொல்லி நாங்கள் பூட்டை உடைத்தபோது, குலைத்துக் குலைத்து அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவன் குலைத்து யாரும் கேட்டதில்லை. யாராவது கூட இருந்தால் பரம சாது. தனியாக விட்டு வெளியே பூட்டினால் கதவு மிஞ்சாது.

காப்பகத்தில் நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பது என் வேலை. எங்கள் டாக்டர் என்னைக் கல்யாணத் தரகர் என்பார். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. மேனேஜர் சாப்பாட்டுத் தட்டை மோந்துகூடப் பார்க்காமல் கிடந்தான். நான் கையில் வைத்து ஊட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான். "நாம தேடித் தர்ற மூணாவது வீடாவது நிலைக்கணும்," என்றார் டாக்டர். "இன்னொரு தடவை திரும்பி வந்தா இவன் தாங்கமாட்டான்."

அந்தச் சமயத்தில்தான் ஒரு நர்ஸ் போன் செய்தாள். அவளும் அவள் அக்காவும் மட்டும் இருக்கும் வீடு. அக்கா ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் திரைச்சீலை தைப்பவள், நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். எனக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது. மறுநாளே வீடு பார்க்கப் போனேன்.

முன்னறை முழுக்கத் துணிச்சுருள்கள். ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின். கேள்வி கேட்டது நான், பதில் சொன்னது எல்லாம் தங்கை. அக்கா டீயோடு வந்தாள், ஐம்பதை நெருங்கும் மெலிந்த பெண். மேனேஜரின் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் டீ தட்டில் தளும்பியது. "நல்லா இருக்கு," என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கொல்லைப்பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவளை மட்டும் அழைத்துப் போனேன்.

"உள்ளதச் சொல்லுங்க. உங்களுக்கு நாய் வேணுமா?"

"வேணாம்." மறைக்க முயலவில்லை. "சின்ன வயசுல ஒண்ணு கடிச்சுது. இன்னும் தெருவுல நாய் வந்தா நான் எதிர்ப்பக்கம் போயிடுவேன்."

"அப்புறம் ஏங்க சரின்னீங்க?"

"வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில அவளுக்கு வேலை கெடைச்சிருக்கு. என்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேங்குறா. நாய் இருந்தாப் போவாளாம். நானும் சரின்னுட்டேன். இல்லன்னா இங்கயே என் மூஞ்சியப் பாத்துட்டுக் கெழவியாயிடுவா."

என்னால் முடியாது என்று சொன்னேன். ஒருவரை ஊருக்கு அனுப்புவதற்காக ஒரு நாயைப் பணயம் வைக்க முடியாது. அவள் தலையாட்டினாள். உள்ளே வந்து, இந்த நாய் இந்த வீட்டுக்குச் சரிப்படாது என்று மட்டும் தங்கையிடம் சொன்னேன். "எங்க வீட்டுல என்ன கொறை?" என்று முகம் சிவந்தாள் அவள். அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அக்கா தனியாகக் காப்பகத்து வாசலில் நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில். கூண்டுகள் ஒன்றாகக் குரல் கொடுக்க, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் தூணை விட்டு அசையவில்லை.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்றாள்.

"எதுக்குங்க?"

"நீங்க மனசு மாறிட்டீங்க, அவ கெளம்பின பிறகு நாய் வந்துடும்னு சொல்லி அவளை அனுப்பி வச்சேன். இப்ப தினம் போன் பண்ணி அதத்தான் விசாரிக்கிறா. என் சொகத்தக் கேக்கறதில்ல. குளிப்பாட்டினேன், வாக்கிங் போனோம்னு நானும் அளந்து விடறேன். நேத்து போட்டோ அனுப்புங்கறா. நான் என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான், ஆனால் அடக்கிக்கொண்டாள். மேனேஜர் இருந்த கூண்டைக் காட்டினேன். தூரத்தில் நின்றே எடுத்தாள். படத்தில் கம்பிவலையும் ஒரு முதுகும் விழுந்தன. "கொலைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்வாங்க," என்றாள். "இது கொலைக்கவே மாட்டேங்குதே."

முதுகுப் படம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கியது. முகம் வேண்டும் என்றாளாம் தங்கை. அக்கா மறுபடி வந்தாள். இந்த முறையும் மேனேஜர் திரும்புவதாக இல்லை. அவன் திரும்பும்வரை இருக்கிறேன் என்று ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, வலைக்கு வெளியே, வலைக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டாள். நாயைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பயம், பார்க்காவிட்டால் சமாளிப்பேன் என்றாள். பையிலிருந்து ஒரு திரைச்சீலையை எடுத்து, ஓரம் மடித்துத் தைக்கத் தொடங்கினாள். அவனும் முதுகைக் காட்டிக் கிடந்தான். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். மருந்து கொடுக்கிற வேலையில் நான் அவர்களை மறந்துவிட்டேன். மதியம் வந்து பார்த்தபோது மேனேஜர் இடம் மாறியிருந்தான். அவள் நாற்காலிக்கு நேர் பின்னால், வலையில் உடம்பைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு அவள் படம் எடுப்பதற்கென்று சாக்குச் சொல்வதை விட்டுவிட்டாள். தைக்க வேண்டிய துணியோடு வருவாள், உட்காருவாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்புவாள். நாற்காலி பக்கவாட்டில் திரும்பியது. பின்பு வலையைப் பார்த்தது. அவள் வரும் நாட்களில் மேனேஜர் தட்டைக் காலி செய்கிறான் என்று முதலில் கவனித்தது டாக்டர்தான். அவளிடம் சொன்னேன். "அப்படியா," என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் உள்ளே போகவே இல்லை.

ஒருநாள் பை இல்லாமல் வந்தாள். தங்கை லீவில் வருகிறாளாம். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் சொன்னேன்: "பொய்ய மறைக்கறதுக்காக நாயத் தர முடியாதுங்க. நானும் எத்தனை தடவ சொல்றது?"

"அதுக்கு வரல," என்றாள். "நேத்து அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாயும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. மொதல்ல திட்டினா. அப்புறம் அழுதா. வேலைய விட்டுட்டு வந்துடறேன்னா. அப்படி நீ வந்தேன்னா கதவத் திறக்க மாட்டேன்னுட்டேன்." கூண்டுப் பக்கம் பார்த்தாள். "இப்ப எனக்காகக் கேக்கறேன். இவன எனக்குத் தாங்க."

"பயம் போயிடுச்சா?"

"எங்க போவுது? அப்படியேதான் இருக்கு. ஆனா வீட்டுல உக்காந்து தைக்கும்போது, இவன் சாப்பிட்டானா இல்லையான்னே நெனப்பு ஓடுது. ரெண்டு திரைய மாத்தி அளவெடுத்துட்டேன்."

 கூண்டைத் திறந்து, அவன் கழுத்தில் கயிற்றை மாட்டி, முனையை அவளிடம் நீட்டினேன். வாங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. வாங்கிய பிறகு கையை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்துக்கொண்டாள். மேனேஜர் அவளைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

காப்பகத்து வேனில் நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவள் முன்சீட்டில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தாள், பின்னாலிருந்து அவன் மூச்சு கழுத்தில் படும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு. வீட்டுக்குள் மேனேஜர் அறை அறையாகப் போய்ப் பார்த்தான். கதவுகளை மோந்தான். அவள் ஒவ்வொன்றையும் திறந்து, மூடாமலிருக்க ஒரு துணிச்சுருளை முட்டுக் கொடுத்து வைத்தாள். "கடைக்குப் போனாலும் கூட்டிட்டுத்தான் போவேன்," என்றாள், நான் கேட்காமலேயே.

முன்னறைக்குத் திரும்பி வந்தவன் தையல் மெஷினுக்கு அடியில் நுழைந்து, கால் வைத்து ஓட்டும் மிதிமேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். மெஷினில் பாதி தைத்த நீலத் திரை ஒன்று கிடந்தது. "நாளைக்குக் குடுத்தாகணும்," என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தேன். ஊசியைத் துணிமேல் இறக்கி வைத்துவிட்டு, அவள் வலது காலை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மிதியின் ஓரத்தைத் தேடியது. அவன் கண்ணைத் திறக்காமலேயே தாடையைச் சற்று நகர்த்தி இடம் விட்டான்.