மூன்றாவது மைனஸ்

பள்ளியில் அவளுக்கு டிங் டீச்சர் என்று பெயர். மூன்றாம் வகுப்பு வாண்டுகள் வைத்தது, தலைமையாசிரியர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. அவளுடைய வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய திரை, அதில் பிள்ளைக்கு ஒரு பொம்மை முகம். கையைத் தூக்கிவிட்டுப் பேசினால், பக்கத்துப் பிள்ளைக்கு ரப்பர் கொடுத்தால், டீச்சர் கையிலிருக்கும் டேப்லெட்டைத் தட்டுவாள். ‘டிங்!’ ஒரு பிளஸ். அடித்துக்கொண்டால் ‘டொப்’ என்று ஒரு மைனஸ். இரண்டும் அந்த நொடியே பெற்றோரின் போனுக்கும் போய்விடும். தொண்டை கிழியக் கத்தியும் அடங்காத நாற்பது பிள்ளைகள் அந்த டிங்குக்கு அடங்கினார்கள்.

இதை மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுப்பவளும் அவள்தான். “பரிசு கெடச்ச காரியத்தைப் பிள்ளை திரும்பச் செய்யும். அவ்வளவுதாங்க விஷயம்” என்பாள். “வம்பு பண்றப்போ மட்டும் நீங்க ஓடிப்போய் நின்னா, அதுவும் பரிசுதான். திட்டுனாக்கூடப் பரிசுதான்.” எல்லோரும் விழுந்து விழுந்து குறிப்பெடுப்பார்கள்.

அவளுடைய மகள் இன்னொரு ஊரில் அப்பாவோடு இருந்தாள். இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது, “ஒரே வருஷம், அம்மா திரும்பி வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாவது வருஷம் ஓடுகிறது. மாற்றல் விண்ணப்பம் எந்த மேசையில் குறட்டை விடுகிறதோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், “சாப்பிட்டேன்மா, படிச்சேன்மா, வெக்கட்டுமா?” என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மகளும் இப்போது மூன்றாம் வகுப்பு. அங்கேயும் அதே திரை, அதே டிங். பாடம் நடத்தும்போது கைப்பைக்குள் போன் டிங்கென்றால் டீச்சரின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளும். இடைவேளையில் எடுத்துப் பார்ப்பாள். ‘பகிர்ந்துகொண்டாள், பிளஸ் ஒன்று.’ எதைப் பகிர்ந்தாள்? யாரோடு? அப்போது முடி கண்ணில் விழுந்து கிடந்ததா? அதெல்லாம் போனில் வராது. வராததற்குத்தான் அவள் ஏங்கினாள். கைதட்டும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவாள்.

மைனஸ் வந்தால் கதையே வேறு. மனசு கேட்காது. சாயங்காலமே போன் போட்டு ஒரு மணி நேரம் பேசுவாள். போன பருவத்தில் ஒரே வாரத்தில் மூன்று மைனஸ் வந்தது. பதறியடித்து லீவு போட்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய், இரண்டு நாள் கூடவே இருந்துவிட்டு வந்தாள். அந்த இரண்டு நாளும் மகள் அவள் சுண்டு விரலை விடவே இல்லை.

இந்த வாரம் திங்கட்கிழமை ஒரு மைனஸ், செவ்வாய்க்கிழமை ஒன்று. புதன்கிழமை மதிய இடைவேளையில் மகளின் வகுப்பு ஆசிரியை போனில் கூப்பிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், நான் உங்ககிட்ட டிரெயினிங் எடுத்தவதான். உங்க பொண்ணு வேணும்னே பண்றா. தண்ணி பாட்டிலைக் கவுத்துட்டு என் மூஞ்சியப் பாக்குறா. மைனஸ் போட்டதும், ‘மிஸ், அம்மாவுக்குப் போயிருச்சா?’ன்னு கேக்குறா. போயிருச்சுன்னா சமத்தா உக்காந்து எழுதுறா. இன்னைக்குக் காலையில, ‘இன்னும் ஒண்ணுதான் மிஸ்’ங்கிறா. எனக்கு ஒண்ணும் புரியல.”

டீச்சருக்குப் பொட்டில் அடித்தாற்போல் புரிந்தது. ஊருக்கெல்லாம் வாய் வலிக்கச் சொன்னதை அவளே மறந்து, எட்டு வயசுப் பிள்ளைக்குத் தப்பான பாடத்தைப் பழக்கிவிட்டிருந்தாள். இன்னொன்றும் புரிந்தது, அதுதான் வெட்கமாக இருந்தது. நேற்று இரண்டாவது மைனஸ் வந்தபோது அவளுக்குக் கோபமே வரவில்லை. இன்னும் ஒன்று வந்தால் போய்ப் பார்க்கலாம் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. அங்கே மகளும் இங்கே இவளும் அந்த மூன்றாவதற்குத்தான் காத்துக் கிடந்தார்கள்.

“இன்னைக்கு ஏதாவது பண்ணுனாளா?”

“இதுவரைக்கும் இல்ல டீச்சர்.”

“அப்ப பண்றதுக்கு முன்னாடி போனை அவகிட்டக் குடுங்க.”

காலடிச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு மகளின் குரல். “அம்மா? நான் இன்னும் ஒண்ணும் பண்ணலையே!”

“தெரியும் கண்ணு. வெள்ளிக்கிழமை அம்மா வர்றேன்.”

மகள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். “ரெண்டுதானேம்மா ஆயிருக்கு?”

“ஒண்ணுமே ஆகலைன்னாலும் வருவேன். இனிமே அப்படித்தான்.”

“சும்மாவா?”

“சும்மாதான். உன்னைப் பாக்கணும் போல இருக்கு.”

மகள் ரகசியம் பேசும் குரலில் சொன்னாள்: “எதுக்கும் இன்னொண்ணு வாங்கி வெச்சுக்குறேம்மா. நீ மறந்துட்டா?”

டீச்சர் அழாமல் போனை வைத்தாள். லீவுக் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில் ‘மகளைப் பார்க்க’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

பெருக்கல் வாய்ப்பாடு பாதியில் இருந்தபோது கைப்பைக்குள் ‘டொப்’ என்று கேட்டது. யாருக்குக் குறைந்தது என்று நாற்பது பிள்ளைகளும் சுவர்த் திரையைப் பார்த்தார்கள். அதில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. டீச்சர் மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.