இரண்டு கை முடிச்சு

என் முடிச்சைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், அப்படிக் கட்ட இன்னொருவர் வர வேண்டும். அட்டைப் பெட்டியைச் சுற்றி ரிப்பனை இரண்டு சுற்று கொண்டுவந்து, நடுவில் மூன்று மடிப்பு வைத்து, முனைகளை எதிரெதிராகச் செருகிவிடுவேன். இரண்டு முனைகளையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் இழுத்தால் முடிச்சு அவிழும், பெட்டியின் நான்கு பக்கமும் தானாக விரிந்துகொள்ளும். ஒரு முனையை மட்டும் இழுத்தால் இறுகும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. என் ஆர்டரில் பாதி அந்த வீடியோக்களைப் பார்த்து வருவதுதான்.

முதலில் வெறும் வாழ்த்து அட்டைகள்தான் செய்துகொண்டிருந்தேன். காகிதத்தை நூல் நூலாக வெட்டிச் சுருட்டிப் பூ வைத்த அட்டைகள், உள்ளே என் கையெழுத்தில் நாலு வரி. பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது. பெயர் 'உனக்கே உனக்கு'. உள்ளே ஒரு அட்டை, வீட்டில் காய்ச்சிய சோப்பு, கால் ஊறவைக்கும் உப்பு, ஒரு சின்னக் குப்பியில் தலைக்கு எண்ணெய், ஒரு மரச்சீப்பு. கூடவே ஏழு நாளைக்கு ஏழு துண்டுச் சீட்டு. 'திங்கள்: இளஞ்சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் கால் வைக்கவும். செவ்வாய்: போனை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காரவும்.' இப்படி. ஊருக்கெல்லாம் கால் ஊறவைக்கச் சொல்கிற நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். என் வீட்டுக்காரர் ஒருநாள் வியாழக்கிழமைச் சீட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"எட்டு மணி நேரம் தூங்கவும்னு யாரு எழுதினது? உன் கையெழுத்து மாதிரியே இருக்கே?"

"வேலை இருந்தா பாருங்க, இல்லன்னா வந்து பசை தடவுங்க" என்றேன். அவர் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்காக முந்நூறு பெட்டி கேட்டிருந்தது. ஆறு வாரம் கெடு. கெடு தொடங்கிய மூன்றாம் நாள் என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

வலது கை. முழங்கைக்கு மேலும் கீழும் முறிவு. தோளிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டு. அவள் தனியாக இருக்கிறாள். மாமா போய் நாலு வருடம் ஆகிறது, மகன் கடல் தாண்டி வேலை பார்க்கிறான். அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான். அவள் வீடு பஸ்ஸில் நாற்பது நிமிடம். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் வைத்துச் சுருட்டலாமே என்று பையில் காகிதக் கீற்றுகளையும் எடுத்துப் போயிருந்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

"நீ கிளம்புடி சுண்டு. உன் வேலை கெட்டுப்போகும். நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அக்கா.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு நான் இன்னும் சுண்டுதான். அக்கா வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து எனக்கு இது தெரியும். சின்ன வயதில் கடைசித் துண்டு கேக்கை அவள் வேண்டாம் என்று தள்ளும்போதெல்லாம் அவள் கண் எங்கே இருக்கும் என்று பார்த்தவள் நான். அன்றைக்கு மட்டும் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் மறக்கவில்லை. அதுதான் என் கூத்து. என்னிடம் ஒரு பெரிய நோட்டு உண்டு. யாருக்கு என்ன போக வேண்டும், என்றைக்கு என்று அதில் எழுதுவேன். கூரியர்க்காரர் எடுத்துப் போனதும் ஒரு டிக். டிக் போட்டால் அந்த ஆளைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று மனது பழகிவிட்டது. அக்காவின் பெயரையும் அதில் எழுதினேன். வாரத்துக்கு ஒரு பெட்டி. திங்கட்கிழமை காலை முதல் வேலை அதுதான். அவளுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிற ரிப்பன், மற்றவர்களுக்கு வைப்பதைவிடக் கூடுதலாக ஒரு பூ, கச்சிதமான முடிச்சு. டிக் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்துவிட்டு வந்த நிறைவோடு அடுத்த பெட்டியை எடுப்பேன்.

மூன்றாவது வாரம் அவள் போன் செய்தாள். கையில் சூடான பசைத் துப்பாக்கி. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா. கை எப்படி இருக்கு?"

"கை அது பாட்டுக்கு இருக்கு. தலைதான் ஒரே சிக்கு. பின்னவும் முடியல, அவிழ்க்கவும் முடியல. அரிக்குது."

"பெட்டியில நல்ல எண்ணெய் வச்சிருக்கேனே. தேய்ச்சுட்டு அந்தச் சீப்பால சீவு. அது சிக்கெடுக்கறதுக்குன்னே செஞ்சது."

பசை ஒரு சொட்டு மேசையில் விழுந்தது, துடைத்தேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பெட்டி வந்துச்சில்ல?" என்று கேட்டேன்.

"வந்துச்சு."

"எப்படி இருக்கு?"

"அழகா இருக்குடி. மேசையிலதான் வச்சிருக்கேன்."

"இந்த வாரமும் ஒண்ணு வருது. வேற நிறத்துல பூ."

"சரி. நீ வேலையைப் பாரு."

வைத்துவிட்டாள். நான் பூவை ஒட்டினேன். என் அட்டைக்குச் சரியான பாராட்டு கிடைத்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு. மடச்சி என்று இப்போது என்னைத் திட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முந்நூறாவது பெட்டி வண்டியில் ஏறிய மறுநாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். ஒரு வாரம் அவளோடு தங்க வேண்டும், அவளை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று துணிமணியோடு போனேன். பஸ்ஸில் ஒரே குஷி. கால் ஊறவைப்பது, எண்ணெய் தேய்ப்பது, எல்லாம் மனதுக்குள் திங்கள் செவ்வாய் என்று வரிசை கட்டி நின்றன.

கதவைத் திறந்தது மாடி வீட்டு டீச்சரம்மா. கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டு. இந்த வீட்டில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்தவராக உள்ளே நடந்தார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு நொடி அது யாரென்று தெரியவில்லை. பின்கழுத்து தெரிந்தது. என் அக்காவின் பின்கழுத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. இடுப்பைத் தொடும் முடி அவளுக்கு. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் முப்பது வருடம் உட்கார்ந்தவள், அங்கே வருகிறவர்கள் அவள் பெயர் தெரியாமல் 'ஜடைக்காரம்மா' என்றுதான் கேட்பார்கள். இப்போது காதுக்கு மேலே நின்றது முடி.

"யாரு வெட்டினது?" என்றேன். நலம் கூட விசாரிக்கவில்லை. சண்டைக்குப் போகிற குரல் எனக்கு.

"வாடி. உட்காரு முதல்ல."

"யாரு வெட்டச் சொன்னது? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சிக்கு விழுந்து கட்டி கட்டியா ஆயிடுச்சு. டீச்சரம்மாவும் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாங்க, பாவம். அப்புறம் பார்லர்லேருந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. வேற வழியில்லன்னு அவ சொல்லிட்டா." அவள் தோளை லேசாகக் குலுக்கினாள். "முடிதானே. வளரும்."

அறுபது வயதில் அது இடுப்புவரை வளராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கோபம் போகவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தேடியபோது மேசை கண்ணில் பட்டது. ஐந்து பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஐந்திலும் ரிப்பன் அப்படியே இருந்தது.

"இதுல ஒண்ணைக்கூடப் பிரிக்கலையா? உனக்குன்னு ராப்பகலா உட்கார்ந்து செஞ்சேனே. எண்ணெய், சீப்பு எல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு? தேய்ச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

சொல்லிக்கொண்டே முதல் பெட்டியைக் கையில் எடுத்தேன். ரிப்பனின் ஒரு முனை நைந்து நூல் நூலாக இருந்தது. அதில் பல் பதிந்திருந்தது. முடிச்சு கடலைப்பருப்பு அளவுக்கு இறுகிக் கல்லாகியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு கையால எப்படிடி பிரிக்கிறது?" என்றாள் அக்கா. கோபம் இல்லை. உண்மையாகவே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கத்தரியால வெட்டியிருக்கலாமே" என்றேன்.

"இடது கையில கத்தரி பிடிச்சா வெட்டுமா? மடங்குது. உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். முப்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன். வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் துணியும் ரிப்பனும் அலகுக்கு நடுவே மடங்கிக்கொள்ளும், வெட்டாது. என்னிடம் கைவேலை கற்றுக்கொள்ள வருகிற இடதுகைப் பெண்களுக்காகத் தனிக் கத்தரி வாங்கி வைத்திருக்கிறவள் நான். யார் யாருக்கோ யோசித்தேன்.

தட்டைத் துடைத்துக்கொண்டே டீச்சரம்மா சொன்னார்: "நான் பிரிச்சுத் தரட்டுமான்னு ரெண்டு மூணு தடவை கேட்டேங்க. தங்கச்சி வந்து அவ கையால பிரிப்பா, இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேசையைத் துடைச்சு, திரும்ப அடுக்கி வைக்கச் சொல்வாங்க." அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு நாசூக்காக மாடிக்குப் போய்விட்டார்.

நான் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தேன். நான்கு பெட்டிகள் ஒரே இழுப்பில் விரிந்தன. முதல் பெட்டியைக் கத்தரியால்தான் வெட்ட வேண்டியிருந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஆவலாகக் குனிந்து பார்த்தாள். பூக்களை இடது விரலால் தொட்டாள். சோப்பை முகர்ந்தாள். "கார்டுல என்ன எழுதியிருக்கே? படி, கண்ணாடி எங்கேயோ இருக்கு" என்றாள்.

எல்லா அட்டையிலும் ஒரே வரிதான். முந்நூறு பெட்டிக்கும் அதுதான், அதே ஓட்டத்தில் அவளுக்கும் எழுதியிருந்தேன்.

"உன்னைப் பார்த்துக்கொள்ள உன்னைவிட யார் இருக்கிறார்கள்?" என்று படித்தேன்.

அக்கா அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நல்ல எழுத்து உனக்கு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பழக்கம் அவளுக்கு மாறாது. அதனால் எழுந்து எண்ணெய்க் குப்பியைத் திறந்தேன். அவள் பின்னால் நின்று தலையில் எண்ணெய் வைத்தேன். முடி சட்டென்று குடித்துவிட்டு நின்றது. சீப்பை எடுத்தேன். முன்னெல்லாம் இந்தத் தலையைச் சீவி முடிப்பதற்குள் எனக்குக் கை வலிக்கும், அவளுக்குக் கதை தீரும். இன்றைக்கு ஐந்தாறு தடவை சீப்பு போய் வந்தது. வேலை முடிந்துவிட்டது. நான் சும்மா இன்னும் கொஞ்ச நேரம் சீவிக்கொண்டே நின்றேன். அவளும் போதும் என்று சொல்லவில்லை.

"ஒரு வாரம் இங்கதான்க்கா இருக்கப் போறேன். உனக்கு எல்லாம் நான் செய்யறேன். நீ கையைக் காலை அசைக்கக்கூடாது."

"நாளைக்குக் கட்டு பிரிக்கிறாங்கடி."

நான் நாள் கணக்குப் பார்க்கவே இல்லை. ஆறு வாரம். என் கெடுவும் ஆறு வாரம், அவள் கட்டும் ஆறு வாரம்.

"அப்போ ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எத்தனை மணிக்கு? ஆட்டோ சொல்லிடறேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். என் மனது நோகாமல் எப்படிச் சொல்வது என்று அவள் தேடுவது தெரிந்தது. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சுண்டு. டீச்சரம்மா எனக்காக லீவு போட்டிருக்காங்க."

இந்த முறை அவள் கண்ணைப் பார்த்தேன். வேண்டாம் என்பதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம்.