டீசல் டேங்க் மூடி

இக்னேஷியஸின் லாரி நின்றுபோன இடங்களை வேலுசாமி தன் பட்டறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தார். முதல் ஞாயிறு, ராஜகுளம். இரண்டாம் ஞாயிறு, சுங்குவார்சத்திரம். மூன்றாம் ஞாயிறு, நசரத்பேட்டை.

"வாரத்துக்கு வாரம் ஊட்டாண்ட வந்துகினு கீது பாரு," என்றார் வேலுசாமி. "இன்னும் ரெண்டு வாரம் உட்டா வண்டி தானா சரியாயிடும்."

இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் அவனை அந்தப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவன் இன்னாசி. வயது முப்பத்தாறு. லாரி சொந்தம், ஓட்டுவதும் அவனே. அம்பத்தூர் எஸ்டேட்டின் வார்ப்படச் சாமான்களை ஓசூருக்கு ஏற்றிப் போவான். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினால் ஞாயிறு காலையில் இறக்கிவிட்டுத் திரும்பலாம்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவன் ஆவடி காமராஜ் நகரில் பார்த்தசாரதியின் வீட்டில் இருந்தாக வேண்டும். பார்த்தசாரதி படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் அப்போது போன் இருந்த ஒரே வீடு அவருடையது. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் இன்னாசியின் மனைவி அருள்செல்வி, ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு அந்த நம்பருக்குப் பேசுவாள். மூன்று நிமிடம். அவள் தங்கியிருந்த விடுதியில், வெளியிலிருந்து போன் வந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். அவள் பேசினால்தான் பேச்சு.

அவள் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. முதலில் எஸ்டேட்டுக்குள்ளேயே லோடு அடித்துக்கொண்டிருந்ததால் இன்னாசி ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. ஓசூர் லோடு கிடைத்த பிறகுதான் இழுபறி. பழைய வண்டி எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் போகாது. வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கும்போது மணி நாலே முக்காலோ ஐந்தே காலோ ஆகியிருக்கும். அதனால்தான் அவன் வண்டியின் வேகத்தைக் கூட்டினான். டீசல் பம்பைப் பழுது பார்க்கும் பம்ப் ரூமில் கொடுத்து, இன்ஜினுக்குப் போகும் டீசலின் அளவை ஏற்றி வைக்கச் சொன்னான். காற்று வடிகட்டியைப் பெரிதாக மாற்றினான். சைலன்சரை வெட்டி நேர்க்குழாய் போட்டான். வண்டி ஐம்பத்தைந்தில் பறந்தது. இரண்டு ஞாயிறு நாலு மணிக்கே வந்து, பார்த்தசாரதியின் வாசற்படியில் உட்கார்ந்து தினசரியை வரி விடாமல் படித்தான்.

அதற்கடுத்த வாரம் ராஜகுளத்தில் இன்ஜின் ஒருமுறை விக்கியது, பிறகு மூச்சிழுத்தது, நின்றது.

வேலுசாமி டீசல் ஃபில்டரை மாற்றினார். அடுத்த வாரமும் நின்றதும் குழாய் வாஷர்களை எல்லாம் மாற்றினார். மூன்றாவது தடவைக்குப் பிறகு பம்பையே கழற்றிப் பம்ப் ரூமுக்கு அனுப்பினார். அவர்கள் ஒரு குறையும் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். வாலாஜாபேட்டையில் டீசல் போடும் பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்களோ என்று இன்னாசிக்குச் சந்தேகம். அதனால் இரண்டாம் வாரம் அரை டேங்க்தான் போட்டான். மூன்றாம் வாரம் அதையும் குறைத்தான். நிற்பது நிற்கவில்லை. தள்ளித் தள்ளி நின்றது, அவ்வளவுதான். முதல் இரண்டு ஞாயிறும் கைப்பம்பு அடித்துக் கிளப்பி வருவதற்குள் போன் நேரம் போய்விட்டது.

நசரத்பேட்டையில் நின்ற அன்று, கைப்பம்போடு மல்லுக்கட்ட நேரமில்லை என்று, லாரியை ரோட்டோரம் பூட்டிப் போட்டுவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்தான். பூந்தமல்லியில் இறங்கி இன்னொரு பஸ். பார்த்தசாரதியின் வீட்டுப் படியேறும்போது ஐந்து இருபத்தைந்து. அவருடைய மனைவி வசந்தா கதவைத் திறந்து முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"அடடா. இப்பத்தான் தம்பி வச்சாங்க. ரெண்டு தடவ பண்ணாங்க. குரலே சரியில்ல."

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பன்னிரண்டு நாள் முன்னால் எழுதியது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். 'நீங்க வேணாம்னு சொன்னா போட மாட்டேன். ஞாயித்துக்கிழமை கேக்கறேன்.'

அவள் எந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாளோ அது முடிந்துபோயிருந்தது. மாதம் முடிய இன்னும் ஒன்று இருந்தது.

சனிக்கிழமை காலை இன்னாசி பார்த்தசாரதி வீட்டுக் கேட்டருகே போய் நின்றான். ஒருவேளை நான் வர நேரமானால், 'வந்துடு' என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று வசந்தாவிடம் கேட்கத்தான் போனான். வசந்தா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "இன்னா தம்பி?" என்றார். அந்த ஒரு சொல்லை, இரண்டு வருடம் வாயிலேயே வைத்திருந்ததை, இன்னொருவர் வாயில் போட்டு அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. "ஒண்ணுமில்லக்கா, நாளைக்கு வரேன்," என்று திரும்பிவிட்டான்.

அன்று மத்தியானம் ஓசூர் லோடுக்கு வேலுசாமியும் கூடவே வந்தார். ஸ்பானர் பையை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, "நீ சொல்றத வச்சி எத்தினி நாளு பாக்கறது? அது எப்டி சாவுதுன்னு என் கண்ணால பாக்கணும்," என்றார்.

ஓசூரில் காவலாளியிடம் கெஞ்சி ஆறு மணிக்கே கேட்டைத் திறக்க வைத்தார்கள். பதினோரு மணிக்கு மேல் வாலாஜாபேட்டை பங்க்.

"ஃபுல்லு போடு," என்றார் வேலுசாமி.

"அண்ணாத்தே, ஃபுல்லு போட்டப்பதான் சீக்கிரமா நின்னுச்சு."

"அதான் போடுன்னுறேன். நிக்காத வண்டிய நான் இன்னா பண்றது? காச்சல் இல்லாத நேரத்துல டாக்டராண்ட போயி நின்னா, நல்லாத்தான கீறேன்னு அனுப்பிச்சிடுவான்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு..."

"தெரியும் இன்னாசி. மணி இன்னும் பன்னண்டு ஆவல."

இன்னாசி டேங்கை நிரப்பச் சொல்லி, மூடியை இறுக்கினான். மூடியின் மேல் பத்துப் பைசா அகலத்தில் ஒரு வேளாங்கண்ணி மாதா பதக்கம் எம்-சீல் பசையில் பதிந்திருந்தது. மஸ்கட் போவதற்கு முந்தின நாள் அருள்செல்வி ஒட்டியது. அந்த வாரம் பட்டாபிராம் ரயில்வே சைடிங் பக்கம் நிறுத்தியிருந்த வண்டியில் யாரோ டேங்க் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு போயிருந்தார்கள். "எந்தத் திருடனா இருந்தாலும் மாதா மூஞ்ச பாத்தா கைய எடுத்துடுவான்," என்று சொல்லிக்கொண்டே எம்-சீலைப் பிசைந்து அப்பினாள். அதன்பிறகு டீசல் திருடு போகவில்லை. பதக்கத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை அப்படியே காய்ந்து கல்லாகியிருந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் இன்னாசியின் விரல் தன்னையறியாமல் அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும்.

காஞ்சிபுரம் விலக்கைத் தாண்டி ராஜகுளம் நெருங்கும்போது இன்ஜின் விக்கியது. மூச்சிழுத்தது. இன்னாசி ஓரங்கட்டினான். நின்றது.

அவன் கதவைத் திறந்து குதித்தான். டேங்குக்குப் பின்னால் செருகியிருந்த மூங்கில் குச்சியை உருவினான்.

"எங்க போற?"

"டீசல் கீதான்னு பாக்க."

"இப்பத்தான ஃபுல்லு போட்ட?"

"டீசல் காட்டற முள்ளு வேல செய்யாது அண்ணாத்தே. வண்டி நின்னா மொத வேல மூடியத் தொறந்து குச்சி உட்டுப் பாப்பேன். எல்லாரும் அதான செய்வாங்க?"

வேலுசாமி கீழே இறங்கி வந்தார். பிறகு கேட்டார்: "ஒவ்வொரு வாட்டியும் தொறந்தியா?"

"ஒவ்வொரு வாட்டியும். நீயும்தான் தொறந்த. பட்டறைக்கு வந்த ஒடனே மொதல்ல அத்தத்தான் பாத்த."

"தொறந்து பாத்து, அப்புறம் கைப்பம்ப அட்ச்சி, அப்புறம் ஸ்டார்ட் ஆவும். அதானே?"

"ஆமா."

"குச்சிய வையி. எதையும் தொடாத."

வேலுசாமி போனெட்டைத் திறந்து, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் கைப்பம்பின் குமிழை மேலே இழுத்துவிட்டார். அது ரப்பர் கட்டியதுபோல மெல்லக் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. மறுபடி இழுத்தார். மறுபடி படுத்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றினார். சொட்டு டீசல் வரவில்லை. குழாய் வாயில் விரலை வைத்தார். விரல் உள்ளே இழுபட்டது. டேங்க் நிறைய டீசல் இருந்தும் வரவில்லை.

"இப்ப போயி மூடியத் தொற. மெதுவா. காத கிட்ட வச்சிக்கோ."

இன்னாசி மூடியைத் திருகினான். அரைச் சுற்றில் புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது, சைக்கிள் ட்யூப் மாதிரி. ஆனால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. போனெட் அருகே கழற்றிப் போட்ட குழாயிலிருந்து டீசல் தானாகவே வழிய ஆரம்பித்தது.

வேலுசாமி ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து சிரித்தார். "அடப்பாவி மச்சான். மூணு வாரம் நாம ரெண்டு பேரும் மருந்த குடுத்துட்டு அப்புறமா நோவத் தேடிகினு இருந்துருக்கோம்."

"புரியல."

"எண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெ வருமா?"

"எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடணும். காத்து போவ."

"அந்த இன்னொரு ஓட்டைதான் இந்த மூடில கீது. அத்த ஒன் மாதா அடச்சிகினு கீறாங்க." வேலுசாமி மூடியை வாங்கித் திருப்பினார். அடியில் ஊசித் துளை ஒன்று தெரிந்தது. மறுபக்கம் எம்-சீல். "ஓரத்துல மயிரிழை கணக்கா ஒரு சந்து. பழைய பம்ப்பு கொஞ்சமா குடிக்கும், அந்தச் சந்துல வர்ற காத்தே போதும். நீ பம்ப ஏத்திவுட்ட. நெறைய குடிக்குது, சந்துலயும் புழுதி ஏறிடுச்சு, காத்து பத்தல. ஃபுல் டேங்க்ன்னா உள்ள காத்துக்கு எடமே இல்ல, சீக்கிரம் நின்னுச்சு. போம்போது டீக்கு நிறுத்தறப்பல்லாம் மூடியத் தொறந்து குச்சி உடுற, அப்பல்லாம் காத்து போயிடும். வரும்போது ஒரே மிதி. ஞாயித்துக்கிழம மட்டும் ஏன் நிக்குதுன்னு கேட்டுகினே இருந்தியே, இதான்."

அவர் பையிலிருந்து உளியை எடுத்தார். "ரெண்டு தட்டுல பேத்துட்றேன்."

"வேணாம்," என்றான் இன்னாசி.

அவன் மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வேலுசாமி அவன் கட்டைவிரல் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்த்தார். உளியைப் பைக்குள் போட்டார்.

"செரி. டேங்க் வாயில துணிய அட. பூந்தமல்லில புது மூடி வாங்கிக்கலாம். இன்னிக்கு ஞாயித்துக்கிழம, கடை இல்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாலு பத்துக்கு லாரி காமராஜ் நகர் முனையில் நின்றது. வழியில் ஒரு விக்கல் கூட இல்லை. இன்னாசி மூடியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனான். வண்டியில் வைக்கத் தோன்றவில்லை. வசந்தா டீசல் வாசனையில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, போன் மேசைக்குக் கீழே பழைய பேப்பரை விரித்தார். "அதை இதுல வை தம்பி." பார்த்தசாரதி, "இதென்ன, பிரசாதமா?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு போன் அடித்தது.

"செல்வி."

 "வந்துட்டீங்களா," என்றாள்.

"வந்துட்டேன். லெட்டர் செவ்வாக்கெழமதான் வந்துச்சு. கையெழுத்து போடாத. வந்துடு."

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. பின்னால் யாரோ அரபியில் கத்தினார்கள்.

"வியாழக்கெழம போட்டுட்டேங்க," என்றாள் அருள்செல்வி. "மூணு வாரமா நீங்க வரல. வேணாம்னு சொல்றதா இருந்தா எப்படியாவது வந்து நின்னிருப்பீங்கன்னு நெனச்சேன். வரலேன்னா, அதான் பதில்னு நெனச்சேன்."

இன்னாசி குனிந்து பேப்பரிலிருந்து மூடியை எடுத்தான்.

"வண்டி நின்னுபோச்சு செல்வி. மூணு வாரமும்."

"வசந்தாக்கா சொன்னாங்க. நான்தான் நம்பல. வண்டிக்கு இன்னா?"

ரேகையின் மேல் அவன் விரல் இருந்தது. கோடுகள் மழுங்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே தட்டுப்பட்டது.

"பம்ப்பு. நான்தான் ஏத்தி வச்சேன். என் தப்பு."

"ஏன் ஏத்துனீங்க? நல்லாத்தான ஓடிச்சு."

"சீக்கிரம் வர."

மூன்று நிமிடம் முடியப் போகிறது.

"மாதா இருக்காங்களா டேங்க் மேல?" என்று கேட்டாள். "நான் தினமும் நெனச்சிக்குவேன். வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, நம்ம மாதா கீறாங்கன்னு."

"பத்திரமா கீறாங்க. டீசல் ஒரு சொட்டு போவல."

"அடுத்த ஞாயித்துக்..." என்றாள். இணைப்பு போய்விட்டது.

வெளியே வேலுசாமி போனெட்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். இன்னாசி வருவதைப் பார்த்ததும் பீடியை எறிந்தார்.

"இன்னா சொல்ச்சி?"

"ரெண்டு வருஷம்."

வேலுசாமி லாரியின் டயரைக் காலால் தட்டினார். "பம்ப பழையபடி எறக்கி வச்சிடவா? டீசலாவது மிச்சம்," என்றார்.

"வேணாம் அண்ணாத்தே. அப்டியே இருக்கட்டும். அடுத்த வாரமும் அஞ்சு மணிக்கு வரணும்."

மறுநாள் காலை பூந்தமல்லியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்ப் புது மூடி வாங்கினான். பழையதை வீட்டில் பைபிள் வைத்திருந்த அலமாரித் தட்டில், பேப்பரோடு வைத்திருந்தான். புது மூடியைத் திருகுவதற்கு முன் வாயருகே கொண்டுபோய் அந்த ஊசித் துளையில் ஊதினான். காற்று போனது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை ஊதினான்.