ஆறு விரல் அரக்கன்

பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் வெறுங்காலோடு இருக்க, ஓய்வுபெற்ற பதிவாளர் மட்டும் சாம்பல் நிறக் காலுறையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காலில் அவருக்கு ஆறு விரல். அறுபத்தாறு வருடங்களாக அதைக் காலுறைக்குள் வைத்தே காப்பாற்றி வருகிறார். குடும்ப மானத்தையும் அப்படித்தான், காற்றோட்டமே இல்லாமல்.

அவர் மகளும் டாக்டரின் மகனும் கல்யாணத்தைத் தாங்களே முடிவு செய்துவிட்டு, பெரியவர்கள் முடிவு செய்வதற்காக ஒரு மதியச் சாப்பாட்டை ஒதுக்கியிருந்தார்கள்.

"எங்கப்பா ரசாயன ஆராய்ச்சியாளர்" என்று டாக்டரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார் பதிவாளர். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எத்தனை கைப்பிடி சோப்புத்தூள் போட்டால் தொட்டியில் கடல் பொங்கும் என்று அந்த மனிதர் ஆராய்ந்தது உண்மை. சினிமாவில் அதற்குத் 'தந்திரக் காட்சி' என்று பெயர். ஒரு பதிவாளருடைய தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தந்திரம் என்ற சொல் வரலாமா? அதனால் அப்பா வேலை செய்த ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. அப்பா கூப்பிட்டபோதெல்லாம் பரீட்சை இருந்தது. பரீட்சைகள் தீர்ந்ததும் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் தீர்ந்தபோது அப்பா இல்லை.

"ஒரு பழைய படம் போடறேன் சம்பந்தி," என்றார் டாக்டர். "வயிறு குலுங்கச் சிரிச்சா சாப்பிட்டது செரிக்கும்."

எழுத்துகள் ஓடின. தந்திரக் காட்சிகள்: அப்பாவின் பெயர். நல்லவேளை, டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பதிவாளர் மின்விசிறியை ஆராய்ந்தார்.

கடல் பொங்கியது. கப்பலைவிடப் பெரிய குமிழிகள் உருண்டன.

"எந்தக் கடல்லங்க இவ்வளவு நுரை?" டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

எங்கள் வீட்டுக் கடலில், என்று நினைத்துக்கொண்டார் பதிவாளர். அந்த வாரம் முழுக்க யாருக்கும் துவைத்த துணி கிடையாது. ஆகாயத் தேர் பறந்தது. கம்பி பளிச்சென்று தெரிந்தது. தேரின் உச்சியில் இருந்தது அம்மாவின் எண்ணெய்ப் புனல். சாகும்வரை அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சந்தேகப்பட்டாள் பாவம். மின்னல் வெட்டியது. குளியலறை விளக்கைப் போட்டு அணைக்கும் அதே தாளம். பதிவாளரின் முதுகு நாற்காலியை விட்டு முன்னால் சாய்ந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.

அப்போது வானத்திலிருந்து ஒரு கரிய பாதம் இறங்கி, அட்டை நகரத்தை நசுக்கியது.

காலில் கரி பூசிய கூச்சம் அவருக்கு நினைவு வந்தது. வயது ஐந்து. அப்பா தரையில் படுத்துக் கேமராவுக்குள் பார்த்தபடி சொன்னார்: "மெதுவா மிதிடா. நம்மகிட்ட ஊர் ஒண்ணுதான் இருக்கு."

"ஆறு விரல் பாருங்க," என்றார் டாக்டர். "எண்ணத் தெரியாத எவனோ செஞ்ச ரப்பர் கால். நான் பல்செட்டு கட்டறவன் சம்பந்தி, போலியைப் பார்த்ததும் சொல்லிடுவேன்."

போலி. நுரையைச் சொல்லியிருக்கலாம், கம்பியைச் சொல்லியிருக்கலாம்; டாக்டர் சொன்னது காலை. வாயைத் திறந்தால் அப்பாவின் தந்திரமும் தன் பொய்யும் ஒன்றாக வெளியே வரும், மகளின் கல்யாணம் ஆட்டம் காணலாம். மூடிக்கொண்டிருந்தால் அப்பா போலி.

முப்பத்தைந்து வருடம் பத்திரங்களில் 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்ற ஒரே முத்திரையைக் குத்தியவர் அவர். குனிந்தார். காலுறையை உருவினார். இடது காலைத் தூக்கி டீப்பாய் மேல் வைத்தார்.

"அசலைப் பார்த்துச் சரிபார்த்துக்குங்க."

டாக்டர் படத்தை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், டீப்பாயைப் பார்த்தார். பல்லை எண்ணுவதுபோல ஒவ்வொரு விரலாக எண்ணினார்.

"இந்தப் படத்தை நான் நாப்பது தடவை பார்த்திருக்கேன்," என்றார் கடைசியில். "அரக்கன் வீட்டுக்கு வருவான்னு யாருங்க நினைச்சா?"

"அப்பா," என்றாள் மகள், "அப்போ அந்த ரசாயனம்?"

"சோப்புத்தூள்," என்றார் பதிவாளர். காலை இறக்கவில்லை. "கொஞ்சம் பின்னால ஓட்டுங்க சம்பந்தி. அந்தக் கடலை இன்னொரு தடவை பார்க்கணும்."