அங்கவடி எலும்பைக் கடந்த பாட்டு

1

இப்போது தும்மினால் என்ன ஆகும்?

மங்கையர்க்கரசி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. புனேயில் ஒரு காது மருத்துவமனையின் அறுவை மேசையில் விழித்தபடி படுத்திருக்கிறாள். மரத்துப்போன இடது காதுக்குள் டாக்டர் பர்வேயின் கருவி.

(இக்கதை பிறந்தது அங்கே வரவேற்பறையில், என் டோக்கனுக்காகக் காத்திருந்தபோது. சுவரில் நடுக்காதின் படம். மூன்று எலும்புகள் ஒலியைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அனுப்புகின்றன. கடைசி எலும்பான அங்கவடி பாதி அரிசி அளவுதான். அது இறுகிவிட்டால் ஒலி வாசலோடு சரி. இறுகிப்போன இத்தனூண்டு எலும்பு ஒரு தாம்பத்தியத்தையே காப்பாற்றுமே என்று தோன்றியது.)

2

முதல் வரைவில் அவள் கணவர் ஜம்புநாதன் அருமையாகப் பாடினார். கதை இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவில், ஓய்வுபெற்ற பிறகு அவர் பாட்டுக் கற்கத் தொடங்கியபோதே அரசிக்குக் காது மந்தம். புனேயின் தாபோடிப் பகுதியில் உள்ள வீட்டில் ஒன்பது வருடமாக, அவர் வாயை மூடும் தருணம் பார்த்து “பிரமாதம்!” என்கிறாள். அதை நம்பி அவர், வரும் கணபதி விழாவில் குடியிருப்புச் சொஸைட்டியின் மேடையில் ஒரு மணி நேரம் பாட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

3

டாக்டருக்கு ஒரு வழக்கம். இறுகிய எலும்பில் துளையிட்டு, நூல்போன்ற தண்டைப் பொருத்தியதும், வீட்டாரின் குரலைச் செல்போனில் மெல்ல ஒலிக்கவிடுவார். ஜம்புநாதன் இரண்டு வார்த்தை பேசி அனுப்பியிருக்கலாம். பாடி அனுப்பியிருந்தார்.

ஒலி செவிப்பறைச் சவ்வை அதிரவைத்து, எலும்புகளைத் தாண்டி, புதுத் தண்டின் வழியே

(முடிக்க முடியவில்லை. உள்ளே போனதைப் பாட்டு என்று எழுதப் பேனா மறுக்கிறது.)

“சுனாயீ தியா, காக்கூ?” கேட்டதா அத்தை என்று இந்தியில் விசாரித்தார் டாக்டர்.

“கேக்குது… ரொம்பவே கேக்குது. பஹுத் சுனாயீ தியா.” கண்ணோரம் நீர். ஆனந்தக் கண்ணீர் என்று நர்ஸ் துடைத்துவிட்டாள்.

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள், அவர் நொறுங்குகிறார். முடிவு இரண்டு: இன்னொரு “பிரமாதம்”, மேடையில் அவர் பாட, மொத்த சொஸைட்டியும்… இரண்டையும் அவளிடம் நீட்டினேன். திரும்பியும் பார்க்கவில்லை.

“மொதல்ல காதுல விழுந்ததே என் பாட்டுதானாமே அரசி! எப்படி இருந்துச்சு?” வார்டில் அவள் கட்டிலை ஒட்டி நின்றார் ஜம்புநாதன்.

“தலை சுத்துதுங்க.”

வலது காதிலும் இதே கோளாறு, ஆறு மாதத்தில் சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர்.

“பண்ணிடுவோம் டாக்டர்! விழாவுல ரெண்டு காதாலயும் கேக்கட்டும்!” என்று பூரித்தார் ஜம்புநாதன்.

மேடைக்கு முன்னால் அவரிடம் யார் சொல்வது என்பதை வாசகர்களே, உங்களிடம் விட்டுவிட்டேன். அரசிக்கு ஒரே ஒரு வரி மட்டும் எழுதிக்கொடுத்தேன்: ‘சரிங்க.’

அவள் கட்டுப்போட்ட தலையை மெதுவாக ஆட்டினாள்.

“வேண்டாங்க. ஒரு காது போதும்.”