பித்தளைக் குமிழுக்குச் செய்த மரியாதை

1

இந்தக் கதை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் மேல் எனக்கு வந்த எரிச்சலில் பிறந்தது. ஜாவாவின் வடகரையில் இருக்கும் தம்பாக்வாரு என்ற ஊர் புதைவது நின்று, மெல்ல மேலெழுகிறது என்று அந்தக் கட்டுரை சொன்னது. அதைப் படித்தபோது நான் அதே ஊரின் டீக்கடையில், கணுக்காலளவு கடல்நீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் தன் நீலக் கைகளை நீட்டி...'

அடித்துவிட்டேன். எங்கள் கடல் நீலமில்லை, அதற்குக் கைகளும் இல்லை. அது கக்கூஸ் வழியாக வரும்.

2

ருகனாவிடம் தொடங்குகிறேன். ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அவள் வீடு கீழே போகிறது, கடல் உள்ளே வருகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை அவளும் கணவர் கஸ்னாவியும் மண் கொட்டி, சிமெண்ட் பூசித் தரையை உயர்த்துவார்கள். ஊரே அப்படித்தான். கூரையை யாரும் உயர்த்துவதில்லை. அதனால் வாசல் நிலை ஒவ்வொரு முறையும் தாழ்ந்துவிடும். கஸ்னாவி நெடிய மனிதர், இப்போதே வீட்டுக்குள் குனிந்துதான் நடக்கிறார். அரசாங்கம் மேட்டில் மனை தரும் என்ற நம்பிக்கையில் இருவரும் காத்திருந்தார்கள்.

3

டாக்டர் ஹெர்லம்பாங் நிலம் இறங்குவதை அளக்க வந்தவர். யாரும் அசைக்க முடியாதபடி ஆழமாகக் குழாய் இறக்கி அதன் தலையில் குறி வைத்திருக்க வேண்டும். கார் போகாத ஊரில் அவருக்கு அந்தப் பொறுமை இல்லை. காய்ந்த இடம் என்று ருகனா வீட்டு மூலையைப் பிடித்து, தரையிலேயே ஒரு பித்தளைக் குமிழைப் பதித்துவிட்டார்.

"பு ருகனா, எங்க அளவெல்லாம் இத நம்பித்தான். உங்க வீட்டுப் பொருளா நெனச்சுப் பாத்துக்கங்க."

"கவலப்படாதீங்க பாக் டாக்டர். எங்க கட்டில் மாதிரி பாத்துக்கறேன்."

('பு' என்றால் அம்மா, 'பாக்' என்றால் ஐயா.) அப்படியேதான் பார்த்துக்கொண்டாள். தரை உயரும்போது கட்டிலும் அடுப்பும் ஏறின, குமிழும் ஏறியது. விருந்தாளியின் பொருளை மண்ணுக்குள் புதைப்பது மரியாதையா? வருடா வருடம் மாணவர்கள் வந்து, நிலையில் தலையை இடித்துக்கொண்டு, குமிழின் மேல் கருவியை வைத்து அளந்து போனார்கள்.*

* படித்தவர்கள் இவ்வளவு மண்டூகமாக இருப்பார்களா என்று கேட்பீர்கள். நெற்றியில் வீக்கத்தோடு போனவர்களில் ஏன் இடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீக்கம் கணக்கில் சேராதாம்.

4

கட்டுரை வந்தபின் குமிழைப் படமெடுக்க ஹெர்லம்பாங்கே வந்தார். இடித்துக்கொண்டார்.

"என்ன பு, நிலை தாழ்ந்துபோச்சு?"

"நிலை அங்கயேதான் இருக்கு பாக். நாங்கதான் ஏறிட்டோம். உங்க குமிழையும் விடல. ஒவ்வொரு தடவையும் பேத்தெடுத்து, புளி போட்டு வெளக்கி, மேல பதிச்சிருக்கேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. ஹெர்லம்பாங் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கஸ்னாவி உள்ளேயிருந்து சொன்னார்: "டாக்டருக்கு மயக்கம் போல. அவரையும் பேத்து மேல வை. அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே."

ஹெர்லம்பாங் குரலைத் தாழ்த்தினார். "மேட்டு மனை கிடையாதுன்னு அரசாங்கம் உங்க ஊரைக் கழிச்சதே இந்த அளவ வச்சுத்தான், பு."

"அப்ப எல்லாருக்கும் மனை போனது என்னாலயா?"

'இல்லை, என்னால்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? அவர் சொன்னது இது:

"வெளிய சொல்லாதீங்க. அடுத்த தடவ தரை ஏத்தும்போது அத உள்ளயே விட்டுடுங்க. தொலஞ்சு போச்சுன்னு எழுதிக்கறேன்."

5

முடிவு ஒன்று: ஹெர்லம்பாங் அறிஞர் சபையில் எழுந்து, "என் தவறு" என்கிறார். சபை கை... (எழுதும்போதே சிரித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: குமிழ் புதைகிறது. ஊர் எப்படி மேலெழுகிறது என்று கண்டறிய அவருக்கு மேலும் நிதி கிடைக்கிறது. இது நடக்கக்கூடியது, ஆகவே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவதை எழுதலாம் என்று இன்று அவள் வீட்டுக்குப் போனேன். மறுபடி தரை உயர்த்துகிறார்கள். கஸ்னாவி சிமெண்ட் பூசிக்கொண்டே வந்து, மூலையில் மட்டும் ஒரு குழி விட்டிருக்கிறார். ருகனா குமிழைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள்.

"உள்ள போட்டா அந்த ஆளு தப்பிச்சாரு. மேல வச்சா ஊரு இன்னும் ஏறிடும். கவர்மெண்டு ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போய் நடந்ததச் சொன்னா ஒருவேள மனை கெடைக்கும். ஆனா ஊரே என்னத்தான் காறித் துப்பும், அவர இல்ல. கதை எழுதறவரு நீங்கதான பாக்? என்ன பண்ண?"

அளக்க வந்தவர்களைப் போல நானும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன்தான். என் வீடு மேட்டில் இருக்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து வேண்டாம், உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சிமெண்ட் இறுகிக்கொண்டிருக்கிறது.

நிலை இடிக்கும். குனிந்து வாருங்கள்.