மாப்பிள்ளையின் இரும்பு நிலா

வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பூதக்கண்ணருக்கு மூன்று வருடமாக வயிற்றெரிச்சல். மருந்துக்கு அடங்காத அந்த எரிச்சலுக்குப் பெயர் மாப்பிள்ளை. கூடப்பிறந்த தங்கையின் புருஷன், அதே கூடத்தில்தான் வேலை. தொலைதூர நிலா ஒன்று ஒரு நட்சத்திரத்தை எத்தனை நொடி மறைக்கிறது என்று பூதக்கண்ணர் கண் பூத்துப்போக அளந்து வைத்திருந்தார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை சாப்பாட்டோடு அந்தக் கணக்கையும் ஒரு பிடி பிடித்து, தன் பெயரில் வெளியிட்டுவிட்டார். நிலாவின் எடை ஏற்கெனவே தெரியும்; அளவோ சின்னது; ஆகவே முழுக்க இரும்பு! கூடத்தின் தலைமை நாற்காலியும் அவருக்கே போனது.

பூதக்கண்ணர் வாயைத் திறக்கவில்லை. ஒரே இடத்திலிருந்து பார்த்தால், நட்சத்திரத்தை மறைத்தது நிலாவின் நடுவா ஓரமா என்று தெரியாது. மாப்பிள்ளை செய்திருந்தது, யானையின் வாலை அளந்து அதற்குச் சட்டை தைத்த வேலை.

அடுத்த மறைப்பு நெருங்கியது.

"மாப்பிள்ளே, 'இரும்பு நிலா கண்டவர்'னு உங்க பேரைக் கல்லுல செதுக்கிடலாமா?"

"கல்லு எதுக்கு மச்சான்? இரும்புலயே செதுக்குங்க!"

இரும்புப் பலகையிலேயே செதுக்கி, கூடத்தின் வாசலில் மாட்டினார். மாட்டும்போது பூதக்கண்ணர் சீட்டியடித்ததாகக் காவலாளி சொன்னான்.

மறைப்பன்று ஏழு ஊர்களின் மொட்டைமாடிகளில் பூதக்கண்ணர் வைத்த ஏழு தொலைநோக்கிகள். ஒவ்வொன்றும் நிலாவின் குறுக்கே ஒரு கோட்டை அளந்தது. கோடுகளை அடுக்கினால் முழு வட்டம். அகலம் பழைய கணக்கைப்போல் இரண்டு மடங்கு. அகலம் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு. அதே எடையை அதில் பரப்பினால் இரும்பு எங்கே போகும்?

கூடத்தார் எல்லோரும் கூடியிருந்த சபையில் பூதக்கண்ணர் சாந்தமாகச் சொன்னார்:

"தண்ணியைவிட ஒரு மயிரிழை லேசு. பெரிய தொட்டி கிடைச்சா உங்க நிலா மிதக்கும், மாப்பிள்ளே. பழைய கணக்கு ஓரத்துல எடுத்தது."

மாப்பிள்ளைக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஓரம்னு அதுல நீங்க எழுதவே இல்லியே மச்சான்!"

சபை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். பொத்த வேண்டிய நேரம் போய்விட்டது.

அன்றே நாற்காலி கைமாறியது. இரும்புப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு மாப்பிள்ளை கடைத்தெரு வழியாக நடந்தார். பூதக்கண்ணர் பின்னாலேயே போய், "பார்த்து மாப்பிள்ளே, அது நெசமாவே இரும்பு," என்று வீடுவரை சொல்லிக்கொண்டே வந்தார். வயிற்றெரிச்சல் அன்றோடு சரி.

அதே மூன்று பல்லின் மேல் இன்னோர் ஆணை: பூதக்கண்ணர் அவர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.